ஒரு வாரம் தள்ளி வாசிக்கிறேன்: லினக்ஸ் செய்திகளோடு 11 வருஷம்

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்தான் பேசுவார்கள். கல்யாணப் பத்திரிகை தமிழில் அடிக்கச் சொல்வார்கள், வில்லேஜ் ஆபீசுக்கு மனு மலையாளத்தில் வேண்டும் என்பார்கள். மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. புது விண்டோஸ் வாங்கக் காசில்லை, கள்ளப் பிரதி போட மனசில்லை. அந்த மே மாதக் கடைசியில் மின்ட் 17 வந்தது. போட்டேன். அன்றைக்கே அதைப் பற்றிய செய்திகளைத் தேடி வாசிக்கிற வியாதியும் ஒட்டிக்கொண்டது.

மின்ட் எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தச் செய்திகளைத் தொடர்ந்ததில் எனக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாலைந்து வருஷம் கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும், பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் ஜெராக்ஸுக்கு வருவதற்குள், டீ ஆறுவதற்குள், டிஸ்ட்ரோவாட்ச், ஃபொரோனிக்ஸ், ஓஎம்ஜி உபுண்டு என்று ஒரு சுற்று. ஒரு நாள் விட்டாலும் ஏதோ போய்விட்ட மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது, இதில் பெரும்பகுதி பஞ்சாங்கம். லினக்ஸின் கருவான கர்னல் 9 அல்லது 10 வாரத்துக்குப் புதிது ஒன்று. திரை முகப்பான க்னோம் மார்ச்சிலும் செப்டம்பரிலும். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும். வருவது எப்போது என்று முன்பே தெரிந்த ஒன்று வந்துவிட்டது என்று சொல்வதையே தினமும் மூன்று தளங்களில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய பாடம் 2019இல். கடையில் அப்போது ஒரு லேசர் பிரிண்டர் இருந்தது (கம்பெனி பெயர் வேண்டாம்). அதற்கு லினக்ஸ் டிரைவர் கொடுத்திருந்தார்கள், ஆனால் அது பழைய வகையான 32 பிட் லைப்ரரிகள் இருந்தால்தான் ஓடும். ஜூன் 18ஆம் தேதி உபுண்டு ஓர் அறிவிப்பு விட்டது: 19.10 முதல் 32 பிட் தொகுப்புகள் கிடையாது. மின்ட் நிற்பது உபுண்டுவின் தோளில். அடுத்த எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) வந்தால் என் பிரிண்டர் பழைய இரும்புக்கடைக்குத்தான் என்று நானே முடிவு கட்டி, மறுநாளே கோயம்புத்தூர் போய்ப் புதிது வாங்கி, வேலந்தாவளம் வழியாக வந்த பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் சேர்ந்தேன்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்றால், ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் கம்பெனிக்காரர்களும் விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் ஆட்களும் சத்தம் போட்டார்கள். ஜூன் 24 அன்று உபுண்டு இறங்கி வந்து, தேவைப்படும் 32 பிட் தொகுப்புகள் 19.10இலும் 20.04இலும் தொடரும் என்று சொல்லிவிட்டது. மொத்தம் ஆறு நாள். வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: “ஏனுங்க, ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாங்க?” பழைய பிரிண்டர் 2023 வரைக்கும் நன்றாகவே ஓடியது.

அந்தக் கேள்வியைத்தான் அப்புறம் விதியாக வைத்துக்கொண்டேன். இன்றைய செய்தியை இன்று வாசிப்பதில்லை. தண்டர்பேர்டில் மெயிலோடு சேர்த்து, தளங்களின் புதுப் பதிவுகளைக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடைகளும் வந்து விழும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போன வாரத்து மூட்டையை அவிழ்ப்பேன். ஹர்த்தால் வந்தால் அன்றும். கேரளத்தில் கடை வைத்திருப்பதில் லினக்ஸ்காரனுக்கு உள்ள வசதி இது, பெரிய அப்கிரேடுகளைக் கடையடைப்பு நாளில் நிம்மதியாகச் செய்யலாம். முப்பதுக்கும் மேல் இருந்த ஓடைகளை நாலாகக் குறைத்தேன். மின்ட் குழுவின் மாதக் குறிப்பு, எல்டபிள்யூஎன், டிஸ்ட்ரோவாட்ச்சின் திங்கட்கிழமை இதழ், தமிழில் கணியம். எல்டபிள்யூஎன் 1998 முதல் வருகிறது, வியாழன்தோறும் வாரப் பதிப்பு. சந்தா கட்டாதவர்களுக்கு ஒரு வாரம் கழித்துத் திறந்துவிடுவார்கள். என் விதிக்கும் அது பொருந்திப்போயிற்று. சந்தா கட்டாததற்குச் சாக்காகவும் ஆயிற்று, கொஞ்சம் வெட்கம்தான். கணியம் 2012இலிருந்து இருக்கிறது. அதில் செய்தியைவிடப் பாடங்கள்தான் அதிகம். தமிழில் நமக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குச் செய்தியே தேவையில்லை, அப்டேட் மேனேஜரில் தானாக ஏறும்படி வைத்துவிட்டேன். 2024 செப்டம்பரில் கப்ஸ் ஓட்டை வந்தபோது இது புரிந்தது. கப்ஸ் என்பது லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருள், என் சோறே அதில்தான். எல்லா லினக்ஸிலும் ஓட்டை, ஆபத்து மதிப்பெண் 10க்கு 9.9 என்று விவரம் வெளிவருவதற்கு முன்பே ஊரெல்லாம் பேச்சு. பக்கத்துக் கடைப் பையன் “சேட்டா, லினக்ஸ் தீர்ந்நு” என்று ஒரு யூடியூப் வீடியோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினான். 26ஆம் தேதி விவரம் வெளியானது. பிணையத்தில் பிரிண்டர்களைத் தேடுகிற கப்ஸ்-பிரௌஸ்ட் என்ற துணைச் சேவை, 631ஆம் எண் போர்ட்டில் யார் வந்து நான் பிரிண்டர் என்றாலும் நம்பிவிடும். அந்தப் போலி பிரிண்டருக்கு நாம் எதையாவது அச்சுக்கு அனுப்பினால்தான் ஆபத்து. என் பிரிண்டர்கள் யுஎஸ்பி கயிற்றில் தொங்குகிறவை. அந்தச் சேவையை நிறுத்தினேன், வழக்கமான அப்டேட்டோடு திருத்தமும் வந்தது. அன்றைக்கு 300 பக்கம் ஜெராக்ஸ், 2 லேமினேஷன், வழக்கம்போல.

விதியை மீறியதும் உண்டு. அதே வருஷம் மார்ச் 29, எக்ஸ்இசட் விவகாரம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவது ஏன் என்று தோண்டப்போய், சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். என் கணினிகளில் இருந்தது பழைய 5.2 வரிசை, எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இரவு இரண்டு மணி வரை வாசித்தேன். திருவிழாவில் கூத்துப் பார்ப்பது போலத்தான் இது, மறுநாள் கொட்டாவி விட்டால் யாரையும் குறை சொல்லக் கூடாது.

சரி, லாபம் என்று எதைச் சொல்வேன்? ஸ்கிரைபஸ். பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும் திறமூல மென்பொருள். அதன் 1.4 வரிசையில் தமிழ் உருப்படாது. ‘கொடி’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். அதனால் தமிழ் வரிகளை எல்லாம் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து படமாக எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. 2017இல் 1.5.3 என்ற சோதனைப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில், சிக்கலான எழுத்துகளுக்கு ஆதரவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தேன். ஓமான் நாட்டுக் குழு ஒன்றின் உழைப்பு அதில் உண்டு. நான் அன்றாடம் சுற்றிவந்த தளங்கள் எதிலும் அது தலைப்பில் இல்லை. அன்று மாலையே போட்டேன், ‘கொடி’ ஒழுங்காக நின்றது. அடுத்த வாரம் ஒரு தவறும் செய்தேன். 1.5இல் சேமித்த கோப்பு 1.4இல் திறக்காது என்பதும் அதே குறிப்பில் இருந்தது, நான்தான் வாசிக்காமல் விட்டேன். இரண்டாம் கணினியில் பத்திரிகை திறக்கவில்லை, கல்யாண வீட்டார் எதிரில் நிற்கிறார்கள். நிலையான 1.6.0 வந்தது 2024 ஜனவரி 1 அன்றுதான். ஏறக்குறைய ஏழு வருஷம் சோதனைப் பதிப்பிலேயே ஊர்க் கல்யாணங்களை நடத்தியிருக்கிறேன். மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவும் இப்படிக் கிடைத்ததுதான். செய்தவர்கள் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பினர். மலையாளத்தார் செய்த தமிழ் எழுத்து, எல்லைக்காரனுக்கு அதில் தனி ருசி.

செய்தியைத் துரத்தியதில் வந்த ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரளப் பள்ளிகளில், எங்கள் தமிழ் மீடியம் பள்ளிகளிலும்தான், பிள்ளைகள் படிப்பது உபுண்டுவை ஒட்டி, கேரள அரசின் கைட் நிறுவனம் தருகிற லினக்ஸில். அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் என் அக்கா மகனுக்கு இது புதினம், இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் படம் திருத்தும் ஜிம்ப் என்றால் தெரியும். 2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வந்தது, 2.10 வந்து ஏழு வருஷம் கழித்து. ஆசையாக பிளாட்பேக் என்ற நிறுவும் முறை வழியாகப் போட்டேன். பிராஜெக்ட் செய்ய வந்த ஒரு பெண் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, எங்க ஸ்கூல்ல இப்படி இல்லீங்களே” என்றாள். இப்போது வாசலோரக் கணினியில் 2.10 மட்டும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டதால், 11 ஏறாத லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது இது எத்தனை நாளைக்கு என்பதுதான். கடைச் சுவரில் தமிழ் நாள்காட்டியும் மலையாளக் காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். அவற்றுக்கு நடுவே ஒட்டிய தாளில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: மின்ட் 21, 2027 ஏப்ரல். மின்ட் 22, 2029 ஏப்ரல். மேலே 20க்கு நேராக 2025 ஏப்ரல் என்று எழுதி அடித்திருக்கும். வருகிறவர்களுக்கு அந்தத் தாளைக் காட்டுவேன்.