சுங்கை சிப்புட்டில் டைஃபாய்டு ஊசி: போடுவது நேர்த்தி, சொல்வது அரைகுறை

ஒட்டுக்கடை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை), கல்யாணச் சமையல் என்று பிறர் வாய்க்குச் சாப்பாடு செய்கிறவர்கள் மலேசியாவின் 2009 உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதற்காகத் தோட்டத்துக் கடைக்காரர்கள் வரும் டவுன் கிளினிக் ஒன்றைப் பற்றியது இது.

கட்டணம் வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் வெப்பமானி உண்டு. குளிர்பான டின் ஒன்றுகூட இல்லை, அதுவே பெரிய விஷயம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். புஜத்தில் 0.5 மில்லி போட்டு, மருந்தின் தொகுதி எண்ணை அட்டையில் குறித்துத் தருகிறார்கள்.

கவுண்டரில் சொல்லும் "அட்டை கிடைச்சாச்சு, இனி பயமில்லை" என்பதுதான் உதைக்கிறது.

டைஃபாய்டு கிருமியான சால்மொனெல்லா டைஃபி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் செல்லை ஒட்டியதும் ஊசி போன்ற நுண்குழலால் தன் புரதங்களை உள்ளே ஏற்றும். (ஊசி போடுவது டாக்டர் மட்டுமல்ல.) அந்தப் புரதங்கள் செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளைக் கலைத்து அடுக்க, சவ்வு மடிப்பு மடிப்பாக எழும்பிக் கிருமியைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். பிறகு கிருமியைத் தின்ன வேண்டிய மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுவுக்குள்ளும் சாகாது. விழுங்கிய பைக்குள் இருந்தபடியே இன்னொரு குழல் தொகுதியால் வேறு புரதங்களைச் செலுத்தி, செரிக்கும் நொதிகள் தன்னை அழிக்காதபடி பார்த்துக்கொண்டு பெருகும். அந்த அணுக்களோடு கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே வருவதால், நேற்றுச் சாப்பிட்ட கடையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இங்கே போடும் ஊசி, கிருமி தன்னை மறைத்துக்கொள்ளப் போர்த்தியிருக்கும் 'விஐ' சர்க்கரை உறையை மட்டுமே உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. செல்லுக்குள் புகுந்துவிட்ட கிருமியை, ஊசியால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் எட்டாது. டைஃபாய்டு போன்ற காய்ச்சலைத் தரும் பாராடைஃபாய்டு ஏ கிருமிக்கு அந்த உறையே கிடையாது. அதற்கு இந்த ஊசியை நம்ப முடியாது. டைஃபாய்டு வந்து போன சிலரின் பித்தப்பையில் கிருமி தங்கி, காய்ச்சலே இல்லாமல் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஊசி அவர்களைக் குணப்படுத்தாது. கழிவறைக்குப் போய் சோப்பு போடாமல் வந்த கை ஏபிசிக்குச் (துருவிய ஐஸ் இனிப்பு) சீவும் ஐஸைத் தொட்டால் போதும்.

இதில் ஒரு வரியாவது கவுண்டரில் சொல்லலாம். பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும் என்பதையும் சொல்வதில்லை. இன்று போட்டு நாளைக்கே கடை திறக்கிறார்கள்.

3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். காய்ச்சல் இருந்தால் சொல்லிவிட்டு வேறு நாள் கேட்டு வாங்குங்கள்.