புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

போன மாதம் தம்பியோடு புதுச்சேரியில் டைவிங் போனேன். கடையின் பெயரைப் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரே நாளில் 2 முறை இறங்கினோம். இரண்டாவது முறை 20 மீட்டருக்கும் கீழே. மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்று காலையில் அவர்களேதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கூட வந்தவர் நிற்க விடாமல் நேராக மேலே கூட்டி வந்துவிட்டார்.

சாயங்காலம் லாட்ஜில் தம்பி சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றான். இடது தோளுக்குள் குடைகிற மாதிரி வலி. அப்புறம் சுண்டுவிரல் மரத்துப்போனது. கடைக்குப் போன் செய்தேன். "சிலிண்டர் தூக்கினதுல சதை பிடிச்சிருக்கும் சார், தைலம் தேய்ங்க. காலையில இன்னொரு தடவை இறங்கினா தானா சரியாயிடும்" என்றார்கள்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். வேகமாக மேலே வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழியாகக் கிளம்பும். மூட்டில் வலி வரும்; தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விளங்காமலே போகலாம். இந்த நிலைமையில் மறுபடி இறங்கினால் நைட்ரஜன் இன்னும் ஏறும். அடியில் மயக்கம் வந்தால் ஆளே போய்விடுவான்.

நேரில் போய் ஆக்சிஜன் கேட்டேன். காலையில் படகில் சுட்டிக்காட்டிய அதே சிலிண்டரை எடுத்து வந்தார்கள். மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. முகமூடியின் ரப்பர் பட்டை தொட்டதும் வெடித்துப் பிய்ந்தது.

பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள். நல்லவேளை, டைவிங் தெரிந்த நண்பர் போனில் கிடைத்தார். படுக்க வை, சுத்த ஆக்சிஜன் கொடு, வலி குறைந்தாலும் ஹைபர்பேரிக் சேம்பர் (உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஆக்சிஜன் கொடுக்கும் அறை) இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். டைவிங்கில் அடிபட்டவர்களுக்கு உதவும் அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண் 24 மணி நேரமும் இருக்கிறது, உறுப்பினராக இல்லாவிட்டாலும் கூப்பிடலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜனோடு ஈசிஆர் வழியாகச் சென்னை. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, கிட்டத்தட்ட 5 மணி நேரம் சேம்பரில் இருந்தான். மறுநாள் விடிகாலை கோவைக்கு விமானம் போட்டிருந்தோம். டாக்டர் கேட்டதும் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார். நன்றாக இருப்பவர்களே 2 டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக்கூடாதாம்.

தோள் வலி போய்விட்டது. சுண்டுவிரல் நுனியில் இன்னும் முழுதாக உணர்வு வரவில்லை. படகில் ஏறுமுன் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். அன்று காலை நான் பார்க்கவில்லை.