மர ஸ்னேர்: இறுக்கமா, தளர்வா, நடுத்தரமா?

டிரம் செட்டில் அடிப்பக்கம் கம்பிகள் ஒட்டி நிற்கும் டிரம்தான் ஸ்னேர். மர ஸ்னேர் வாங்கும் பலர் முதல் வாரத்திலேயே மேல் ஸ்கினை (குச்சி விழும் சவ்வை) இதற்குமேல் போகாது என்கிற அளவுக்கு முறுக்கிவிடுகிறார்கள். குச்சி நன்றாகத் துள்ளுகிறது, அடி ‘டக்’கென்று கூர்மையாக விழுகிறது, அன்றைக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் அவ்வளவு இறுக்கினால் காதில் விழுவது பெரும்பாலும் ஸ்கினும் அதைப் பிடித்திருக்கும் ரிம் என்ற வளையமும்தான். மேப்பிள் மரத்துக்கும் ஸ்டீலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பாதிக்குமேல் கரைந்துபோகிறது. மர ஷெல் (டிரம்மின் உடல்) எந்த ட்யூனிங்கில் வாய் திறக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதை வைத்தே மூன்று வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

எடுத்துக்கொள்வது எங்கும் கிடைக்கும் சாதாரண அளவு: 14 அங்குல விட்டம், 5.5 அங்குல ஆழம், அடுக்கு மேப்பிள் ஷெல், ஸ்கினை இறுக்கும் திருகுகளான ராடுகள் மேலே எட்டு, கீழே எட்டு. மேல் பக்கம் 10 மில் தடிமனில் ஒற்றை அடுக்கு கோட்டட் (பூச்சுள்ள) ஸ்கின் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடியில் 3 மில் ஸ்னேர் சைடு ஸ்கின், 20 இழைக் கம்பி. பிர்ச் ஷெல்லாக இருந்தால் அடி கொஞ்சம் கூர்மையாகவும் சுருக்கமாகவும் இருக்கும், மஹோகனியாக இருந்தால் கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனாலும் மரத்தின் வகை காட்டும் வித்தியாசத்தைவிட ராடுகளில் அரைச் சுற்று காட்டும் வித்தியாசம் பெரிது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான வேலை அடி ஸ்கினில் இருக்கிறது. அது மெல்லியது என்பதால் கிழிந்துவிடுமோ என்று பயந்து தளர்வாகவே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பாதி ஸ்னேர்கள் கெடுகின்றன. கம்பிகள் ஒட்டி நிற்பது அந்த ஸ்கினில்தான். அது தொய்ந்திருந்தால் கோஸ்ட் நோட்டுக்கு (மிக லேசான இடை அடிக்கு) கம்பி எழும்பாது, பலமான அடிக்குப் பின் ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். மேல் ஸ்கினும் அடி ஸ்கினும் ஒரே சுருதியில் இருந்தால் ரீங்காரம் நீளும், டாமுக்கு (செட்டில் உள்ள கம்பி இல்லாத டிரம்முக்கு) அது அழகு, ஸ்னேருக்கு உதவாது. அடி ஸ்கின் மேலதைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்க வேண்டும். ஒரு பென்சிலைக் கம்பிகளுக்கு அடியில் செருகித் தூக்கிவிட்டு, ராடு பூட்டும் லக் ஒவ்வொன்றின் அருகிலும் தட்டினால் 350 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை வரும்படி வைத்தால் பெரும்பாலான 14 அங்குல ஸ்னேர்களுக்குப் போதும். அதன்பின் பாட்டுக்குப் பாட்டு கை வைக்க வேண்டியது மேல் ஸ்கினில் மட்டுமே.

இனி இறுக்கமான ட்யூனிங். நடுவில் அடித்தால் கேட்கும் அடிப்படை ஒலி சுமாராக 240 ஹெர்ட்ஸைத் தாண்டி நிற்பதை இப்படிச் சொல்கிறேன். இதன் பலம் உண்மையான பலம். ரோல் (இடைவிடாத தொடர் அடி) சுத்தமாக வரும், வேகமான ஒற்றைக் குச்சி அடிகள் ஒன்றோடொன்று குழம்பாது, மைக் இல்லாத சர்ச் மண்டபத்தில்கூடக் கடைசி வரிசைவரை எட்டும். ரெகே, ஃபங்க், காஸ்பெல் வாசிப்பவர்களுக்கு இது தேவை. கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. அடியின் உடம்பு மெலிந்துபோகும், ரிம்ஷாட் (ஸ்கினிலும் ரிம்மிலும் ஒரே நேரத்தில் விழும் அடி) காதைக் கிழிக்கும், ஒற்றை அடுக்கு ஸ்கின் சீக்கிரம் பள்ளம் விழுந்து இழுத்துவிடும். இந்தச் சத்தம்தான் எப்போதும் வேண்டும் என்றால் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்னேர் இதே வேலையை இன்னும் பளிச்சென்று செய்யும், மரம் தேவையில்லை.

தளர்ந்த ட்யூனிங் நேர் எதிர். அடிப்படை ஒலி 165 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி நிற்கும். மெதுவான பாட்டில் இரண்டாவது, நான்காவது அடியில் இது விழும்போது பாட்டே அகலமாகிவிடும். எழுபதுகளின் பாப் ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்தக் கொழுத்த, குறுகிய ஸ்னேர் இந்த வழியில் வந்தது. பீட்டில்ஸின் கடைசிக் காலப் பதிவுகளில் ரிங்கோ ஸ்டார் டிரம்கள் மேல் துணி போட்டு வாசித்ததும் இதே தேடல்தான். மரம் இங்கே நன்றாகவே ஒத்துழைக்கிறது, அடியின் கீழ்ப்பகுதியில் ஒரு மிருதுத்தன்மை வருகிறது. சிக்கல் கையிலும் மேடையிலும் இருக்கிறது. குச்சி திரும்பி எழாது, கோஸ்ட் நோட் புதைந்துபோகும், மைக் இல்லாவிட்டால் பேஸ் கிடாருக்குள் ஸ்னேர் காணாமல் போகும். ரிம்ஷாட் அடிக்க அடிக்க ராடுகள் தானாகக் கழன்றுகொண்டே வரும், அதற்கு ராடு திரும்பாமல் பிடிக்கும் லக் லாக் போட வேண்டியிருக்கும். ஒலிப்பதிவு அறைக்கு இது அருமையான வழி, மேடைக்குச் சிரமம். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் இந்த ஒலி வேண்டுமென்றால் முழு ஸ்கினையும் இறக்காதீர்கள். உங்கள் பக்கம் இருக்கும் ஒரே ஒரு ராடைத் தளர்த்தினாலே சுருதி இறங்கும், மேல் ரீங்காரமும் அடங்கும். பாட்டு முடிந்ததும் அந்த ஒன்றைத் திரும்ப முறுக்கினால் பழைய இடம் வந்துவிடும்.

என் தேர்வு நடுத்தரம். மர ஸ்னேருக்கு இதுதான் சொந்த வீடு என்று தயங்காமல் சொல்வேன். நடுவில் அடித்தால் 190 முதல் 215 ஹெர்ட்ஸ் வரை, அதாவது ஜி அல்லது ஜி ஷார்ப் சுரத்தை ஒட்டி நிற்கும் இடம். அங்கே ஸ்கினின் ஒலியும் ஷெல்லின் ஒலியும் ஒன்றை ஒன்று மறைக்காமல் சேர்ந்து கேட்கின்றன. கிராஸ் ஸ்டிக் (குச்சியை ஸ்கின் மேல் கிடத்தி ரிம்மில் தட்டுவது) அடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இறுக்கமான ட்யூனிங்கில் ‘டிக்’ என்று வறண்டு விழும் அதே அடி இங்கே ‘டொக்’ என்று மரத்தோடு எழும். கோஸ்ட் நோட் கேட்கும், பலமான பேக்பீட்டில் (இரண்டாவது, நான்காவது அடியில்) உடம்பும் இருக்கும்.

இந்த இடத்துக்குப் போய்ச் சேரும் விதம் முக்கியம். பழைய ஸ்கினைக் கழற்றியதும் பேரிங் எட்ஜ் (ஸ்கின் உட்காரும் ஷெல் விளிம்பு) முழுவதும் உலர்ந்த துணியால் துடைத்து, விரல் நுனியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மரத்தில் சிராய் எழுந்திருந்தாலோ ஒரு இடம் பள்ளமாக இருந்தாலோ விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் சரிப்படாது, ரிப்பேர் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். எட்ஜ் நன்றாக இருந்தால் புது ஸ்கினை வைத்து, எட்டு ராடுகளையும் விரலாலேயே இறுகும்வரை திருப்புங்கள். பிறகு கீயால் (ராடு திருப்பும் சாவியால்) எதிரெதிர் ராடுகளாக அரைச் சுற்று, அரைச் சுற்றாகப் போக வேண்டும். சுருக்கம் மறைந்ததும் உள்ளங்கையை நடுவில் வைத்து ஒருமுறை நன்றாக அழுத்துங்கள். ஓரத்தில் பசை விரிசல் விடும் ‘கடகட’ சத்தம் வரும், அது நல்லதுதான். அதன்பின் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் போகக் கூடாது. கம்பியை ஸ்கினிலிருந்து விலக்கிவிட்டு, ஒரு விரலை நடுவில் லேசாக வைத்து, ஒவ்வொரு ராடிலிருந்தும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி எட்டும் ஒரே சத்தம் தருகின்றனவா என்று கேளுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அதை மட்டும் ஏற்றிவிட்டு நகராதீர்கள். அதற்கு நேர் எதிரே இருப்பதும் மாறியிருக்கும், அதையும் திரும்பக் கேட்க வேண்டும். எப்போதும் கொஞ்சம் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய ராடு வாசிக்கும்போது நழுவும்.

கடைசியாகக் கம்பி. கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரின் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, மெதுவாக அடித்துக்கொண்டே இறுக்குங்கள். கரகரப்பு அடங்கித் தெளிவு வரும் முதல் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டி இறுக்கினால் கம்பி ஸ்கினின் மூச்சை அடைத்துவிடும். பலர் மேல் ஸ்கினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், குற்றம் இந்தத் திருகில் இருக்கும்.

பாட்டின் சுருதிக்கு ஸ்னேரைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம், மிருதங்கம் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருப்புப் பூச்சு அதன் மேல் ஒலிகளை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சர் சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். ஸ்னேர் ஸ்கினில் அந்தப் பூச்சு கிடையாது. வெறும் வட்டச் சவ்வின் இரண்டாவது ஒலி முதல் ஒலியைப்போல 1.59 மடங்கு, மூன்றாவது 2.14 மடங்கு என்று ஒழுங்கற்றுப் போகும். உள்ளே அடைபட்ட காற்றும் எதிர் ஸ்கினும் அதை இன்னும் மாற்றும், போதாததற்குக் கம்பியின் இரைச்சல் வேறு. ஆகவே சுரம் பிடிக்க நேரம் செலவிட வேண்டாம். எட்டு இடமும் ஒன்றாக நிற்பதே இங்கே சுருதி.

அதைச் சரிபார்க்கக் காதா, கருவியா? டென்ஷன் அளக்கும் டயல் மீட்டர் ஸ்கின் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டுகிறது, என்ன ஒலி வருகிறது என்று காட்டுவதில்லை. ரிம் கொஞ்சம் வளைந்திருந்தாலோ ஸ்கின் பழசாகி இழுத்திருந்தாலோ எட்டு இடத்திலும் ஒரே எண் வரும், ஒலி ஒன்றாக இருக்காது. அலைவெண் காட்டும் ட்யூனரோ கைபேசிச் செயலியோ இதைவிட நேர்மையானது. நல்ல ஒலி அமைந்த நாளில் அதன் எண்ணைக் குறித்துவைத்தால் அடுத்த ஸ்கின் மாற்றும்போது நேரே அங்கே போகலாம். முறுக்கு விசை அளக்கும் கீயை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு ராடில் எண்ணெய் காய்ந்திருந்தாலே அதன் கணக்கு தப்பிவிடும். பக்கத்தில் கீபோர்டு சோதனை நடக்கும் மேடையில் காது ஏமாறும், அங்கே ட்யூனர் கை கொடுக்கும். வீட்டில் காதுதான் முதலில் பழக வேண்டும்.

மெல்லிசை மேடைக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். தபேலா, டோலக் வாசிப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் மர ஸ்னேரை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். அவர்களுடைய வலது கை ஒலி நிற்கும் இடத்திலேயே ஸ்னேரும் போய் முட்டும், மிக்சரில் இருப்பவர் யாரையாவது குறைத்தே ஆக வேண்டும். நடுத்தரத்தில் வைத்தால் மேலே தபேலாவுக்கு இடம் விட்டு, பேஸுக்கு மேலே ஸ்னேர் தனியாக அமரும். கடலோர ஊர்களின் ஈரம் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 1950-களின் பிற்பாதியில் மைலார் (பிளாஸ்டிக் படலம்) ஸ்கின் விற்பனைக்கு வருவதற்கு முன் பெரும்பாலோர் கன்றுத் தோலோடு போராடினார்கள், மழை நாளில் அது தொய்யும். தோல் பறையை இன்றும் தீயில் காய்ச்சி ஏற்றும் காரணமும் அதுதான். மைலார் அப்படித் தொய்வதில்லை.

ரீங்காரம் அதிகம் என்று தோன்றினால் உடனே டேப்பை எடுக்காதீர்கள். சிறு ஜெல் துண்டு ஒன்று ரிம்மின் அருகே இருந்தால் மேல் ஒலி மட்டும் அடங்கும். துணி பாதி ஸ்கினை மூடினால் மரத்தின் ஒலியும் சேர்ந்து போய்விடும். டாம் அடிக்கும்போதெல்லாம் ஸ்னேர் சேர்ந்து இரைந்தால், அடி ஸ்கினில் கம்பி முனைகளுக்கு இருபுறமும் உள்ள நான்கு ராடுகளைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்னேரை விட்டுவிட்டு, இரைச்சலைத் தூண்டும் அந்த ஒரு டாமின் சுருதியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.