யானையின் கண்ணீரும் யானையின் காலும்: வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் தன்னைப் பற்றிப் பேசும் விதம்

வனவிலங்கு மீட்பு அமைப்பு ஒன்றை மதிப்பிட வருகிறவர்கள் அதன் கொட்டகைகளையும் வரவு செலவுக் கணக்கையும் பார்ப்பது வழக்கம். நான் இங்கே எடுத்துக்கொண்டது அவ்விரண்டையும் அல்ல. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற இந்திய அமைப்பு தன் பணியை நன்கொடையாளர்களிடம் எந்த மொழியில் எடுத்துச் சொல்கிறது என்பதை மட்டுமே. கார்த்திக் சத்தியநாராயணும் கீதா சேஷமணியும் 1995இல் தொடங்கிய இந்த அமைப்பு, வெளிநாட்டில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்துப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறது. உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் இந்த அமைப்பின் மையத்தில் நிற்கும் ஒரு யானைக்காகத் தொலைவிலிருந்து பணம் அனுப்புகிறவர் அந்த யானையை ஒருபோதும் பார்க்காமலே இருந்துவிடலாம். அவர் கைக்கு வந்து சேர்வது படமும் கதையும்தான். எனவே அந்தக் கதை சொல்லப்படும் முறையைத் தனியே எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரடிகளைப் பற்றி இவ்வளவு நிதானமாகவும் நியாயமாகவும் பேசத் தெரிந்த அமைப்பு, யானைகள் என்று வந்ததும் எளிய வழியில் இறங்கிவிடுகிறது.

கரடிக் கதையில் தொடங்குவோம். தமிழ் இலக்கணம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் வகுத்திருக்கிறது. வெகுளிக்கு, அதாவது சினத்துக்கு, அது தரும் காரணங்கள் நான்கு: உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து அலைத்தல், கொலை. வித்தை காட்டும் கரடியின் வரலாற்றில் இந்த நான்கும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. குட்டியைப் பிடிப்பதற்காகப் பல நேரங்களில் தாய்க் கரடி கொல்லப்பட்டது. பிடிபட்ட குட்டியின் மூக்குப் பகுதியைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோத்தார்கள். கோரைப் பற்களை உடைத்தெடுத்தார்கள். கயிற்றைச் சுண்டும்போது ஏற்படும் வலிக்குக் கரடி பின்னங்கால்களில் எழுந்து நிற்பதைத்தான் ஊரார் நடனம் என்று காசு போட்டுப் பார்த்தார்கள். இதை எழுதி, அருகில் ஒரு படத்தையும் வைத்துவிட்டால் போதும். படிக்கிறவர் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மனிதனை வெறுக்கத் தொடங்கிவிடுவார். நன்கொடை திரட்டுவதற்கு இதைவிடச் சுலபமான உத்தி வேறில்லை.

கயிற்றின் மறுமுனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கலந்தர்கள்: ஊர் ஊராகத் திரிந்து, தலைமுறை தலைமுறையாகக் கரடியை நம்பியே பிழைத்த ஏழை முஸ்லிம் சமூகத்தவர். அவர்களைக் கொடியவர்களாக வரைந்து காட்டியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். கரடிகள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருந்தும், கரடியைக் காட்சி விலங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டும் தெருவில் கரடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஏனென்றால் அந்தக் கரடியை ஒப்படைத்த மறுநாள் அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. இந்த அமைப்பு அந்தக் கேள்வியையே தன் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. கரடியை ஒப்படைக்கிறவருக்கு மாற்றுத் தொழில் தொடங்க முதலீட்டுப் பணம், பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சி, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று திட்டம் வகுத்ததோடு, கலந்தர்களைத் தன் பிரசுரங்களில் குற்றவாளிகளாக அல்லாமல், கரடியோடு சேர்ந்து மீள வேண்டியவர்களாகவே காட்டியது. கேட்பவர் மனத்தில் வெகுளியை எழுப்பி அதை அப்படியே காசாக்கிக்கொள்ளாமல், எழுந்த வெகுளிக்கு ஒரு போக்கிடத்தையும் காட்டியது என்பதால் இதை உயர்ந்த பேச்சுக்கலை என்றே சொல்வேன். 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீண்டதாகவும், 2009இல் கடைசிக் கரடியும் கயிற்றிலிருந்து விடுபட்டதாகவும் அமைப்பு சொல்கிறது. ஆக்ரா, பன்னேருகட்டா, போபால், புருலியா ஆகிய இடங்களில் அந்தக் கரடிகளுக்கான மையங்கள் அமைந்தன. பிரிட்டனின் இண்டர்நேஷனல் அனிமல் ரெஸ்க்யூ, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீ தி பேர்ஸ் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும் இதற்குத் தோள் கொடுத்தன. சுருக்கிச் சொல்லும் இடங்களில் அவற்றின் பெயர்கள் மங்கிவிடுவதை மட்டும் குறையாகக் குறித்து வைக்கலாம்.

யானைக்கு வந்தால் குரல் மாறுகிறது. 2014 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ராஜு என்ற ஆண் யானை மீட்கப்பட்டபோது, சங்கிலி அவிழ்க்கப்படுகையில் அதன் கண்ணில் நீர் வடிந்தது என்று அமைப்பின் சார்பில் சொல்லப்பட்ட ஒரு செய்தி உலகத்தைச் சுற்றி வந்தது. ஐம்பது ஆண்டு சங்கிலி, காலில் முள் பதித்த தளை, சுற்றுலாப் பயணிகளிடம் கையேந்திய பிழைப்பு, பசிக்குத் தின்ற காகிதமும் பிளாஸ்டிக்கும் என்று கதை விரிந்தது. மீண்டும் இலக்கணத்துக்கே போனால், அழுகைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. நான்கும் இந்த யானையின் வாழ்வில் இருந்தன. அதனால்தான் அந்தச் செய்தி அத்தனை பேரை உருக்கியது. இதுவரை எனக்கு மறுப்பில்லை. நெருடுவது என்னவென்றால், பார்ப்பவர் அழப் போதுமான காரணங்கள் அத்தனையும் இருக்கும்போது, யானையையே அழ வைத்துக் காட்டியதுதான்.

யானைக்கு, நமக்கு இருப்பதுபோல் கண்ணீரை மூக்கின் வழியே வடித்துவிடும் நாளம் கிடையாது. கண்ணை ஈரமாக வைத்திருக்கும் நீர் அப்படியே கன்னத்தில் வழிவது அன்றாடக் காட்சி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பியிலிருந்து கசிந்து இறங்கும் நீரையும் பலர் கண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யானைக்குத் துயரம் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை; இறந்த யானையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பற்றிப் படித்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆனால் கன்னத்தில் வழிந்த நீரை நன்றிக் கண்ணீராக வாசிப்பது, தன்னிடம் கால்நடை மருத்துவர்கள் நிறைந்திருக்கும் ஒரு அமைப்பு செய்யக்கூடிய காரியம் அல்ல. செய்தித்தாள்கள் மிகைப்படுத்தினால் திருத்த வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். அந்தக் கண்ணீர் அவர்களுக்குத் தேடித் தந்த பெயருக்கு ஈடாக, அறிவியலில் அவர்களுக்கு இருக்கும் மதிப்பில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டுவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று: மீட்டது யார்? நம் நாட்டில் வனவிலங்கு மாநில அரசின் உடைமை என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. யானையை வைத்திருப்பவர் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் உடைமைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பறிமுதல் செய்யும் அதிகாரம் வனத்துறை, காவல்துறை போன்ற அரசு அதிகாரிகளுக்கு மட்டுமே உண்டு. எந்தத் தொண்டு அமைப்பும் பூட்டை உடைத்துக்கொண்டு போய் யானையை ஓட்டி வந்துவிட முடியாது. ராஜுவை மீட்டபோதும் வனத்துறை அதிகாரிகளும் காவல்துறையினரும் உடன் இருந்தார்கள். பின்னர், ராஜுவை முன்பு வைத்திருந்தவர் யானையைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போனதும் நடந்தது. அமைப்பின் செய்திக் குறிப்புகளில் வனத்துறைக்கு நன்றி தெரிவிக்கும் வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நன்கொடை கேட்கும் கடிதத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த வரி தேய்ந்து, நள்ளிரவு, சங்கிலி, மீட்பர்கள் என்று நாடகத்துக்கு வேண்டியவை மட்டும் மிஞ்சுகின்றன. கடிதத்தின் இட நெருக்கடி ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும், மாதக்கணக்கில் சான்றிதழ்களைச் சரிபார்த்து, நோட்டீஸ் அனுப்பி, உத்தரவு வாங்கிய உழைப்பு மறைந்துவிடுவதால், படிக்கிறவர் மீட்பு என்பதைத் துணிச்சலான ஓர் இரவின் வேலையாகவே புரிந்துகொள்கிறார். அடுத்த யானைக்குத் தேவைப்படுவது துணிச்சலா, சட்டத்தை ஒழுங்காகச் செயல்படுத்தும் அலுவலரா என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

2017 ஜனவரியில் மதுராவின் குளிருக்காக அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்கள் பின்னிய கம்பளிச் சட்டைகளை யானைகள் போட்டுக்கொண்டு நின்ற படங்களையும் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. பட்டை பட்டையான பல வண்ணங்களில், கழுத்திலிருந்து கால்வரை போர்த்திய அந்த உடுப்பு சிரிப்பை வரவழைத்தது. மூட்டு நோயுள்ள வயதான யானைக்குக் குளிர் ஆகாது என்ற செய்தியும் சிரிப்போடு சிரிப்பாக உள்ளே போய்விட்டது. விலங்கு நலத்தைப் பற்றிப் பேச எப்போதும் ரத்தம் கசியும் படம்தான் வேண்டும் என்பதில்லை.

ஆனால் இந்த அமைப்பின் மிகச் சிறந்த எழுத்து எது என்று கேட்டால், அதிகம் பகிரப்படாத மருத்துவக் குறிப்புகளையே காட்டுவேன். நாட்டின் முதல் யானை மருத்துவமனை என்ற பெயரோடு 2018இல் மதுராவில் இவர்கள் திறந்த மருத்துவமனையைச் சார்ந்து வரும் குறிப்புகளில், தார்ச்சாலையிலும் சிமெண்ட் தரையிலும் பல்லாண்டு நின்ற யானையின் பாதம் எப்படி இருக்கும் என்பது தெளிவாக விளக்கப்படுகிறது. உள்ளங்கால் தேய்ந்து மெலிந்துவிடுகிறது. நகங்கள் வெடித்து, இடுக்கில் சீழ் கட்டுகிறது. வலிக்கும் காலைத் தூக்கி மற்றக் காலில் பாரத்தைப் போடுவதால் அந்த மூட்டும் கெடுகிறது. மருந்து கலந்த வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, செத்த தோலைச் செதுக்கி, நகத்தை அரத்தால் ராவி, மருந்திட்டுக் கட்டுவதை நாள்தோறும், யானை உயிரோடு இருக்கும் வரை செய்ய வேண்டியிருக்கிறது. பாகன் சொல்லி யானை தானாகக் காலைத் தூக்கிக் கம்பிமேல் வைக்கப் பழகுவதற்கே பொறுமையான பயிற்சி வேண்டும். அதற்குக் கூலியாகப் பழத்துண்டு கிடைக்கிறது. இந்தக் குறிப்பில் யாரும் அழவில்லை, யாரும் வீரர் இல்லை. பணம் எதற்குச் செலவாகிறது என்பது இதைப் படித்தபோது புரிந்ததுபோல் வேறெதைப் படித்தபோதும் எனக்குப் புரியவில்லை.

விடுதலை பற்றிய பேச்சையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பல் பிடுங்கப்பட்ட கரடியும், சர்க்கஸில் பார்வையிழந்த சூசி போன்ற யானையும் காட்டுக்குத் திரும்ப முடியாது. மையத்தின் வேலிக்குள்தான் மீதி வாழ்நாள். இது தவிர்க்க முடியாதது, கௌரவமானதும்கூட. அப்படியிருக்க, சங்கிலி அவிழும் காட்சியோடு கதையை முடித்துவிட்டு, இனி சுதந்திரம் என்று எழுதுவதால், அடுத்த இருபது ஆண்டுத் தீவனமும் பாகன் சம்பளமும் கதைக்கு வெளியே போய்விடுகின்றன. நம் திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையே நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்தில் இதே வேலை நடக்கிறது. அங்கிருக்கும் யானைகளின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பேசத் தெரியாத அரசுத் துறையைவிடப் பேசத் தெரிந்த தொண்டு அமைப்பு விலங்குகளுக்குச் சில நன்மைகளைச் செய்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பேச்சின் தரத்தைப் பற்றி இவ்வளவு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் வனத்துறையோடு சேர்ந்து இவர்கள் செய்யும் சிறுத்தைக் குட்டிப் பணியைப் பற்றிய செய்திகள், அமைப்பு விரும்பினால் நிதானமாகவும் எழுத முடியும் என்பதற்குச் சான்று. கரும்பு வெட்டும்போது குட்டிகள் தென்படுகின்றன. விவசாயிகள் தகவல் சொல்கிறார்கள். மருத்துவர் பரிசோதித்தபின் குட்டிகளை ஒரு பெட்டியில் இட்டு, கண்டெடுத்த இடத்திலேயே மாலையில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். இரவில் தாய் வந்து கவ்விச் செல்வதைத் தானியங்கிக் கேமரா பதிவு செய்கிறது. விவசாயிக்கும் வனத்துறைக்கும் தாய்க்கும் அவரவர் பங்கு சரியாகக் கொடுக்கப்பட்டு, அமைப்பு ஓரமாக நிற்கும் கதை இது.

ஆதரிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் விடை, ஆதரிக்கலாம் என்பதே. ஆனால் உருக்கமான மீட்புச் செய்தி வந்த கையோடு பணம் அனுப்பாமல், அந்த விலங்கின் சிகிச்சைக் குறிப்பு வரும்வரை காத்திருந்து படித்துவிட்டு, ஒரு தடவை கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறு தொகையாகக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாதத்துக்கு மருந்து மாதந்தோறும்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அமைப்புக்கு வைக்கும் கோரிக்கை சிறியது: ஒவ்வொரு மீட்புக் கதையின் அடியிலும், எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்த அலுவலகத்தின் உத்தரவால் விலங்கு கைக்கு வந்தது, இனி அது எங்கே, யார் பராமரிப்பில் இருக்கும் என்று இரண்டு வரி சேர்க்கட்டும்.