ஹெட்போனின் காது மெத்தைகள்: மாற்றத்தான் வேண்டுமா?

மேல்தோல் உரிந்து கறுப்புத் துகள்கள் கன்னத்தில் ஒட்டத் தொடங்கிய பிறகே பலரும் புதிய மெத்தைகளைத் தேடுகிறார்கள். ஆனால் உள்ளிருக்கும் நுரை தளர்ந்து, மூடிய வகை (வெளிப்புறம் திறப்பில்லாத) ஹெட்போனில் காதைச் சுற்றியுள்ள அடைப்பு குலைந்து, பாஸ் எனும் தாழ்ந்த ஒலி மெலிவதே மாற்றுவதற்கான வலுவான காரணம். நான் பொருத்திய வெல்வெட் மெத்தைகளில் வியர்வை குறைந்தது. மூக்குக்கண்ணாடியோடு அணிந்தாலும் உறுத்தவில்லை. எனினும் துணியின் வழியே காற்று கசிவதால் பாஸ் மேலும் இளைத்தது. அசலைவிடத் தடிமனாக இருப்பதால் ஒலிப்பானிலிருந்து காது விலகி, பாடகரின் குரலும் சிறிது பின்னுக்குப் போயிற்று. இரைச்சல் நீக்கும் வசதியுள்ள ஹெட்போன்களுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவ்வசதி நல்ல அடைப்பையே பெரிதும் நம்பியிருக்கிறது. தயாரிப்பாளரின் போலித்தோல் மெத்தையும் (அதிலுள்ள பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் ஈரப்பதத்தில் சிதைவது இயல்பு) என்றாவது உரியத்தான் போகிறது என்றாலும், ஒலி மாறக் கூடாது என்பவர்கள் அதையே வாங்கலாம்.