அமெரிக்கப் பொது மேய்ச்சல் நிலச் சேவை: விலை மலிவு, பராமரிப்பு அதைவிட மலிவு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாடோ ஆடோ வளர்ப்பவர், அருகில் தமக்கென நிலமோ நீர்வளமோ வைத்திருந்தால், அரசின் பொது நிலத்தில் மந்தையை மேய்க்க உரிமம் பெற வாய்ப்பு உண்டு. இந்த உரிமங்களில் பெரும்பங்கை வழங்குவது நில மேலாண்மைப் பணியகம். அதன் பொறுப்பில் உள்ள ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரில் 15.5 கோடி ஏக்கர் மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. சுமார் 21,000 ஒதுக்கீட்டுப் பரப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ள அந்நிலத்துக்கு ஏறக்குறைய 18,000 உரிமங்களும் குத்தகைகளும் நடப்பில் உள்ளன. பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படும் உரிமத்தோடு, வேலி, நீர்த்தொட்டி, களையகற்றல், விதைப்பு போன்ற பணிகளுக்கான அரசு நிதியும் சேர்ந்தே வருகிறது. ஆகவே இதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழங்கப்படும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, என்ன விலை, அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது, கொடுத்த பிறகு யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதே இந்த மதிப்பாய்வு.

விலை விவரம் எளிது. ஒரு பசுவும் அதன் கன்றும், அல்லது ஒரு குதிரை, அல்லது ஐந்து செம்மறியாடுகளோ வெள்ளாடுகளோ ஒரு மாதம் தின்னும் தீவனம் ஓர் அலகு. அந்த அலகுக்கு 2019 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் 1.35 டாலர்தான் வசூலிக்கப்பட்டது. இதைத் தற்செயலான எண் என்று எண்ண வேண்டாம். 1978ஆம் ஆண்டின் பொது மேய்ச்சல் நில மேம்பாட்டுச் சட்டம் ஒரு கணக்கீட்டு முறையை வகுத்தது. அதன் காலம் முடிந்தபின் 1986இல் குடியரசுத் தலைவர் ரீகன் பிறப்பித்த ஆணை அதே முறையை நீட்டித்ததுடன், கட்டணம் 1.35 டாலருக்குக் கீழே போகக் கூடாது என்றும், ஓராண்டில் 25 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றும் விதித்தது. கணக்கீட்டின் அடிப்படை மதிப்பான 1.23 டாலர் 1966இல் எடுத்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. தனியார் குத்தகை விலையும் மாட்டு விலையும் உயர்ந்தால் கட்டணம் ஏறும். பண்ணையாளரின் உற்பத்திச் செலவு உயர்ந்தால் கட்டணம் இறங்கும். செலவு ஏறிக்கொண்டே போவதால் கட்டணம் அடிக்கடி அடிமட்டத்திலேயே வந்து நின்றுவிடுகிறது. இடையில் 2016இல் 2.11 டாலரைத் தொட்டதும் உண்டு; மூன்றே ஆண்டுகளில் மீண்டும் 1.35க்குத் திரும்பிவிட்டது.

தனியார் நிலத்தில் இதே அலகுக்கு 20 டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டி, இது மானியம் என்று குற்றஞ்சாட்டுவோர் பலர். அந்த ஒப்பீட்டை நான் முழுமையாக ஏற்கவில்லை. தனியார் நிலத்தின் வாடகையில் பெரும்பாலும் வேலியும் தண்ணீரும் சேர்ந்தே வரும். பொது நிலத்திலோ வேலியைப் பழுதுபார்ப்பது, தண்ணீர் சுமந்து ஊற்றுவது, பரந்த நிலத்தில் சிதறிய மாடுகளைத் தேடித் திரட்டுவது எல்லாம் உரிமதாரரின் தலையில்தான் விழுகின்றன. மேலும் கட்டணத்தைச் செலுத்தாமல் மந்தையை உள்ளே விட முடியாது. தவணை தேதியிலிருந்து 15 நாள் தாண்டினால் 25 டாலர் அல்லது தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது, 250 டாலர் உச்சவரம்புக்குள் தாமதக் கட்டணமாக விழும். வசூலில் பணியகம் கறாராகவே இருக்கிறது. குறை சொல்ல வேண்டிய இடம் வசூலித்த பணம் நிலத்துக்குத் திரும்பும் பாதையில்தான் இருக்கிறது.

அந்தப் பாதையைச் சில்லறையாகப் பிரித்தே பார்க்கலாம். மேய்ச்சலுக்கென்று சட்டப்படி வகுக்கப்பட்ட மாவட்டத்துக்குள் உள்ள நிலத்தில் ஒருவர் 1.35 டாலர் செலுத்தினால், அதில் 12.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 17 சென்ட், மாநிலத்துக்குப் போகிறது. 37.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 51 சென்ட், கருவூலத்துக்குப் போகிறது. மீதிப் பாதியான 67.5 சென்ட், நிலத்தைச் செப்பனிடுவதற்கென்றே தனியாக வைக்கப்பட்ட மேய்ச்சல் நில மேம்பாட்டு நிதிக்கு வருகிறது. 1976ஆம் ஆண்டின் கூட்டாட்சி நிலக் கொள்கைச் சட்டம் இந்த நிதியை உருவாக்கியபோதே, பொது மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி தரம் குன்றி வருகிறது என்று நாடாளுமன்றம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதையே காரணமாகவும் எழுதியது. 1978இல் வந்த திருத்தத்தில், கட்டண வருவாயில் பாதி அல்லது ஆண்டுக்கு 1 கோடி டாலர், இவற்றில் எது அதிகமோ அது நிதிக்குச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நிதியில் ஒரு பாதி, கட்டணம் வசூலான மாவட்டத்திலேயே, அந்நிலத்தைப் பயன்படுத்துவோரின் பிரதிநிதிகளைக் கலந்தாலோசித்துச் செலவிடப்பட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. காகிதத்தில் இவ்வளவு ஒழுங்காக வரையப்பட்ட நிதி ஏற்பாடுகள் அதிகம் இல்லை.

ஆனால் அந்த 1 கோடி டாலர் என்ற எண் இன்றுவரை மாறவே இல்லை. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அதே 1 கோடி டாலர் அச்சாகிறது. அதில் நிர்வாகச் செலவுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே அச்சாகிறது. 1978இல் ஒரு டாலருக்கு வாங்கிய பொருளை இன்று வாங்க நான்கரை டாலருக்கு மேல் வேண்டும் என்பதால், அன்று கிடைத்ததில் கால் பங்குகூட இன்று கிடைப்பதில்லை. கட்டண வருவாய் பெருகினால் நிதி தானாக உயரும் என்பதே சட்டத்தை எழுதியவர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் 2017 நிதியாண்டில் பணியகம் வசூலித்ததே 1.83 கோடி டாலர்தான். அதில் பாதி, அடிமட்டத் தொகையைக்கூட எட்டவில்லை. குறைந்தபட்சம் என்று எழுதிவைத்த தொகை, நடைமுறையில் உச்சவரம்பாகவே மாறிப்போயிற்று.

இந்த 1 கோடி டாலரை 15.5 கோடி ஏக்கருக்குப் பகிர்ந்தால் ஏக்கருக்கு ஏழு சென்ட்கூட வராது. 21,000 ஒதுக்கீட்டுப் பரப்புகளுக்குப் பகிர்ந்தால், ஒரு பரப்புக்கு ஆண்டுக்கு 500 டாலருக்கும் குறைவு. ஒரு மைல் நீளத்துக்கு முள்கம்பி வேலி போடவே பல ஆயிரம் டாலர் ஆகும் இடத்தில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எல்லாப் பரப்புக்கும் எல்லா ஆண்டும் பணி தேவைப்படாது, பணம் சில இடங்களில் குவித்தே செலவிடப்படுகிறது என்பது உண்மைதான். அப்படியானால் மற்ற இடங்கள் எத்தனை ஆண்டுகள் வரிசையில் நிற்கின்றன என்ற கேள்வி எழாமல் போகாது.

இந்த நிதியைத் தவிர நாடாளுமன்றம் மேய்ச்சல் நில மேலாண்மைக்கென்று நேரடியாகவும் பணம் ஒதுக்குகிறது. அதே 2017 நிதியாண்டில் பணியகத்துக்கு 7.9 கோடி டாலர் கிடைத்தது. அதில் கால்நடை மேய்ச்சலை நிர்வகிக்க 3.24 கோடி டாலரும், எஞ்சியது களைக் கட்டுப்பாடு, வாழிடச் சீரமைப்பு, நீர் ஏற்பாடு முதலியவற்றுக்கும் போயின. அரசின் தணிக்கை அமைப்பான பொறுப்புடைமை அலுவலகம் 2005இல் வெளியிட்ட அறிக்கையில், 2004 நிதியாண்டில் மேய்ச்சலுக்காகக் கூட்டாட்சி நிறுவனங்கள் குறைந்தது 14.4 கோடி டாலர் செலவிட்டு, 2.1 கோடி டாலர் மட்டுமே கட்டணமாக ஈட்டின என்று கணக்கிட்டது. வரி செலுத்துவோருக்கு இது எரிச்சலூட்டும் கணக்கு என்பதில் ஐயமில்லை.

பணம் சரியாகச் சென்று சேர்ந்த இடத்தில் வேலையின் தரம் நன்றாகவே இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஊற்றுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்பும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். மிதவை அடைப்பான் நீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது. நிரம்பி வழியும் நீர் தொட்டியடியில் சேறாகாதபடி தனிக்குழாயில் தள்ளிக் கொண்டுபோகப்படுகிறது. உள்ளே ஒரு மூலையில் கம்பிவலையால் ஆன சிறு சாய்தளம் பொருத்தப்பட்டிருக்கும். நீர் குடிக்க வந்து விழுந்துவிடும் பறவையும் வௌவாலும் அணிலும் தொட்டிச் சுவரை ஒட்டியே நீந்திச் சுற்றும் என்பதால், அந்தச் சாய்தளம் சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி, அடி வரை இறங்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி விட்டாலும் அவை அதற்குப் பின்னால் புகுந்து சிக்கிச் செத்துப்போகும். வேலியிலும் இதே கவனம் தெரிகிறது. பிராங்ஹார்ன் மான்கள் வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழைந்து போவதையே விரும்பும் என்பதால், கீழ்க்கம்பி முள்ளில்லாததாக, தரையிலிருந்து குறைந்தது 16 அங்குல உயரத்தில் கட்டப்படுகிறது. விடியலில் தாழப் பறக்கும் சேஜ் கௌதாரிகள் கம்பியில் மோதாதிருக்க, மேல்கம்பியில் ஒளிரும் சிறு பட்டைகள் மாட்டப்படுகின்றன. மாட்டுக்காகப் போட்ட வேலி காட்டுயிரைக் கொல்லக் கூடாது என்ற பொறுப்பு, விதியாக மட்டுமல்லாமல் கம்பியின் உயரமாகவும் தென்படுவது பாராட்டத்தக்கது.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் அமைக்கப்படும் வேலி, கிணறு, குழாய்வழி போன்ற நிரந்தரக் கட்டுமானங்களின் உரிமை, 1995 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அமெரிக்க அரசின் பெயரிலேயே இருக்கும். உரிமதாரர் தம் கைப்பணத்தைப் போட்டிருந்தாலும் அப்படித்தான். பண்ணையாளர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியைச் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பொது நிலத்தில் பொதுச் சொத்து என்ற கொள்கையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பராமரிப்புப் பொறுப்பு மட்டும் பெரும்பாலும் உரிமதாரரிடமே விடப்படுகிறது. சொத்து ஒருவருடையது, சுத்தியல் இன்னொருவர் கையில் என்ற இந்த ஏற்பாட்டில் புதிதாகக் கட்டப் பணம் தேடும் உற்சாகம், இருப்பதைக் காப்பாற்றப் பணம் தேடுவதில் வருவதில்லை.

உரிமப் புதுப்பிப்பு இச்சேவையின் பலவீனமான பகுதி. புதுப்பிப்பதற்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். அதற்குரிய ஆட்களும் நேரமும் அலுவலகங்களில் இல்லை. ஆய்வு முடியும்வரை பழைய நிபந்தனைகளிலேயே உரிமம் தொடரலாம் என்று 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இந்தத் தேக்கத்துக்கு நிரந்தர அங்கீகாரம் கொடுத்துவிட்டது. இதனால் பண்ணையாளருக்கு நிம்மதி. நிலத்துக்கு நிம்மதியா என்பது ஒவ்வொரு பரப்பையும் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நில நலத் தரநிலைகளின்படி மதிப்பீடே நடக்காத பரப்புகளும் உண்டு.

நெவாடாவை மையமாகக் கொண்ட வறண்ட பகுதியான மேற்கின் பெரும்படுகையில் நிதியின் போதாமை நேரடியாகவே தீயாக எரிகிறது. யூரேசியாவிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல், மற்ற புற்களுக்கு முன்பே முளைத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து சருகாகிவிடும். தீ பிடித்தால் சேஜ்பிரஷ் புதர் அழிகிறது. அது மீள்வதற்குள் இந்தப் புல் அவ்விடத்தையும் பிடித்துக்கொண்டு அடுத்த தீக்கு விறகாகிறது. 2018இல் நெவாடாவின் ஹம்போல்ட் கவுண்டியில் மூண்ட மார்ட்டின் தீ ஏறத்தாழ 4,35,000 ஏக்கரைச் சுட்டெரித்தது. தீக்குப் பின் அவசர நிலைப்படுத்தலுக்கும் மறுவிதைப்புக்கும் பணம் ஓரளவு விரைவாகவே வருகிறது. எரிந்த நிலத்தில் பொதுவாக இரண்டு வளர்பருவங்களுக்கு மேய்ச்சலும் நிறுத்தப்படுகிறது. தீக்கு முன்பே களையை அடக்கிவைக்க இதில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். 2021, 2022ஆம் ஆண்டுகளின் உட்கட்டமைப்பு, பணவீக்கக் குறைப்புச் சட்டங்களால் நிலைமை சற்றே மாறியது. 2023இல் 11 மாநிலங்களின் 21 நிலப்பரப்புகளைச் சீரமைக்க 16.1 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. தொகை பெரிதுதான், ஆனால் களை ஒருமுறை தெளித்து முடித்துவிடும் வேலையல்ல, ஆண்டுக்காண்டு திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய வேலை. ஒருமுறை வந்துபோகும் பணத்தால் ஆண்டுதோறும் போக ஆளை வைத்துக்கொள்ள முடியாது.

காட்டுக் குதிரைத் திட்டத்தை இங்கே விரித்தெழுத விரும்பவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படும் அக்குதிரைகளுக்கு அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது என்பதையும், அதில் பெரும்பகுதி நிலத்திலிருந்து பிடித்து அடைத்துவைத்த குதிரைகளின் தீவனத்துக்கும் பராமரிப்புக்குமே போகிறது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

இந்தச் சேவையில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஒன்று உண்டு: மொன்டானா பல்கலைக்கழகமும் அரசு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் மேய்ச்சல் நிலப் பகுப்பாய்வு இணையத்தளம். கட்டணமில்லை. வரைபடத்தில் ஒரு பரப்பைச் சுற்றிக் கோடு வரைந்தால், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்ட ஓராண்டுப் புல், பல்லாண்டுப் புல், புதர், மரம், வெற்று நிலம் ஆகியவற்றின் பங்கு 1980களின் நடுப்பகுதி முதல் ஆண்டுவாரியாக வரைகோடாக விரிகிறது. பல்லாண்டுப் புல்லின் கோடு தாழ்ந்து ஓராண்டுப் புல்லின் கோடு எழும் ஆண்டை யாரும் கண்டுகொள்ளலாம். களத்தில் இறங்கி அளப்பதற்கு இது மாற்றல்ல. எங்கே இறங்கி அளக்க வேண்டும் என்று காட்டிவிடும். 500 டாலருக்கும் குறைவாகப் பங்கு வரும் பரப்புகளில், எதை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்க இதைவிடச் சிக்கனமான வழி தெரியவில்லை.

விலைக்கு ஐந்தில் நான்கும், கட்டுமானத் தரத்துக்கு நான்கும், பராமரிப்புக்கு ஒன்றரையும், புதுப்பிப்பின் வேகத்துக்கு ஒன்றும் கொடுப்பேன். உரிமம் புதிதாகப் பெறுவோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பராமரிப்பு யார் பொறுப்பு என்ற பத்தியைப் படித்துவிட்டு, இருக்கும் குழாய்களின் வயதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நல்லது. கம்பி வேலிக்கு மாற்றாக மாட்டின் கழுத்துப்பட்டையில் இயங்கும் மெய்நிகர் வேலியும் இப்போது சில இடங்களில் பொது நிலத்துக்கு வந்துவிட்டது. எரிந்த திட்டை மாடு மிதிக்காமல் காக்க அது மிகவும் பயன்படும். ஆனால் கம்பியைப் போல் ஒருமுறை போட்டுவிட்டு மறக்க முடியாது. கழுத்துப்பட்டைக்கும் மின்கலத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஆண்டுதோறும் பணம் கொடுப்பதில்தான் இந்த நிதி 1978 முதல் தடுமாறிக்கொண்டிருக்கிறது.