‘உங்களுக்காகவே செய்யப்பட்டது’ என்ற சொல்லை நம்பி எட்டு மாதச் சம்பளத்தை இழந்தேன்

பார்வையற்றோருக்கான கருவிகளை மட்டுமே விற்கும் ஒரு நிறுவனத்திடம் எட்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, இருபத்து மூன்று நாட்களாக அலைந்துகொண்டிருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற மின்னஞ்சல் இன்று காலை வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். மொழிபெயர்ப்பு என் தொழில். இத்தனை ஆண்டுகளும் சாதாரண மடிக்கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டே உழைத்துவந்தேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய அந்த மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். மெய்ப்புப் பார்க்கும்போது ‘ந’ எது, ‘ன’ எது என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரெயில் புள்ளிகளைத் தடவிப் படிக்கும் விரலுக்கோ அது தப்பாது. ஆகவே, திரையில் உள்ள எழுத்துகளைப் பிரெயில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் டிஸ்ப்ளே ஒன்றை மடிக்கணினியோடு தனியாக இணைத்துக்கொள்வதா, பிரெயில் விசைகளும் பிரெயில் வரிசையும் கணினியும் ஒரே உடலில் அமைந்த நோட்டேக்கரை வாங்குவதா என்று பல மாதங்கள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் என் கையைப் பற்றி மெல்ல ஒரு நோட்டேக்கரின் பிரெயில் வரிசையின் மேல் வைத்தார். 32 கட்டங்கள், அவற்றில் என் பெயர் புள்ளிகளாக எழுந்து நின்றது. பொத்தானை அழுத்திய நொடியிலேயே கருவி விழித்துக்கொண்டதும், ஆறு விசைகளில் என் விரல்கள் தாமாகவே ஓடியதும் என்னை மயக்கிவிட்டன என்பதை மறைக்க மாட்டேன். “மடிக்கணினி பார்வையுள்ளவர்களுக்காகச் செய்தது சார், இது உங்களுக்காகவே செய்யப்பட்டது” என்றார். கண்காட்சிக்கு வைத்திருந்ததாம், புதியதற்கு நிகராம். என் அலுவலக இணையதளம் இதில் திறக்குமா என்று கேட்டேன். “இதிலும் விண்டோஸ்தான் சார் ஓடுகிறது” என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் எட்டு மாதச் சம்பளத்தை அங்கேயே செலுத்தினேன். திறந்து காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் கையை அவ்வளவு பரிவோடு பிடித்தவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சமும் இருந்தது.

அவர் சொன்னது பொய்யென்றும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. உள்ளே இருந்தது விண்டோஸ் சிஇ 6.0. சிறு கருவிகளுக்கென்று செய்யப்பட்ட வேறொரு அமைப்பு அது; அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2018 ஏப்ரலிலேயே முடித்துக்கொண்டது. மடிக்கணினியில் ஓடும் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது, என்விடிஏயையும் சேர்த்துத்தான். அதன் உலாவியில் என் அலுவலகத் தளம் மட்டுமல்ல, வங்கித் தளமும் திறக்கவில்லை. பிரெயில் கருவிகளின் விலைக்குக் காரணம் புள்ளிகளாக எழுந்து நிற்கும் ஊசிகள்தான்: ஒரு கட்டத்துக்கு எட்டு வீதம் 256 ஊசிகள், ஒவ்வொன்றையும் மின்னழுத்தத்தால் வளையும் தனித்தனிப் பட்டை தூக்க வேண்டும். நான் கொடுத்த எட்டு மாதச் சம்பளம் ஊசிகளுக்கான விலை. கணினி என்று அதோடு வந்தது காலாவதியான ஒரு சில்லு.

அந்த ஊசிகளாவது ஒழுங்காக இருந்தனவா? ஏழாவது கட்டத்தில் நான்காம் புள்ளி எழவே இல்லை. ‘ம’வுக்கு 1, 3, 4 ஆகிய புள்ளிகள், நான்காவது விழுந்தால் எஞ்சுவது ‘க’. ‘மண்’ என்ற சொல் அந்தக் கட்டத்தில் தொடங்கினால் ‘கண்’ என்று படிக்கிறேன். மெய்ப்புப் பார்க்க வாங்கிய கருவி!

முதல் நாள் அழைத்தபோது, இணைய இணைப்பைச் சரிபாருங்கள் என்றார்கள். மறுநாள், அது இணையதளம் நடத்துபவர்களின் குற்றம் என்றார்கள். அடுத்த வாரம் பேசிய பெண்மணி, பிழைச்செய்தி தெரியும் திரையைப் படம் பிடித்து அனுப்பும்படி கேட்டார். அந்தக் கருவிக்குத் திரையே கிடையாது என்பது அதை விற்கும் நிறுவனத்துக்குத் தெரியவில்லை. புள்ளியைச் சரிசெய்யக் கருவியை உற்பத்தியாளருக்கே அனுப்ப வேண்டும், செலவு உங்களுடையது, மாற்றுக் கருவி தருவதில்லை என்றார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, பெட்டியைத் திறந்த பின் எடுப்பதில்லை என்ற விதி உள்ளே வைத்த தாளில் அச்சாகியிருக்கிறது என்று பதில் வந்தது. பார்வையற்றவனுக்கு விற்ற கருவியின் விதியை மை அச்சில், அதுவும் பெட்டியைத் திறந்தால்தான் கிடைக்கும் தாளில்!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்று பெயரை மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். உங்கள் வேலைக்கான தளத்தை உங்கள் கையாலேயே திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆறு விசைகளையும் ஒருசேர அழுத்தி அழுத்தி வரிசை முழுவதையும் நிரப்பி, கடைசிக் கட்டம் வரை தடவிப் பாருங்கள். திருப்பி எடுக்கும் விதியை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் குறிப்பெடுக்கவும் புத்தகம் படிக்கவும் மட்டும் என்றால் நோட்டேக்கர் நல்ல துணைதான், அதை மறுக்கவில்லை. இணையத்தில் பிழைப்பு நடத்துபவர்கள் மடிக்கணினியையும் பிரெயில் டிஸ்ப்ளேயையும் தனித்தனியாகவே வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கையில் இருக்கும். என் பழைய மடிக்கணினியை நல்லவேளையாக விற்கவில்லை. இதை அதில்தான் எழுதுகிறேன்.